குதிகாலே சான்று

முதியோர் இல்லத்தைத் தேடிச் செல்வோர் முதலில் கட்டடத்தைப் பார்க்கின்றனர். பளிங்குத் தரையையும் பூந்தோட்டத்தையும் கண்டு மனநிறைவு கொள்கின்றனர். அவர்கள் பார்க்க வேண்டியவையோ, படுத்த படுக்கையாய்க் கிடப்பவரின் குதிகாலும் முதுகின் அடிப்பகுதியுமாகும்.

வேலூர் இதனை முன்னரே உணர்ந்த ஊர். தொழுநோயாளரின் பாதப்புண்கள் அந்நோயின் நேர்விளைவு என்றே நெடுங்காலம் கருதப்பட்டன. 1946ஆம் ஆண்டு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், உணர்விழந்த பாதத்தின்மேல் ஓயாது விழும் அழுத்தமும் கவனிக்கப்படாத காயமுமே காரணம் என விளக்கினார். நோயாளருக்கு நுண்துளை ரப்பரால் மெத்தென்ற காலணிகள் செய்து தரப்பட்டன. ஆம்பூர்க் காலணிகளின் புகழை அறிந்தோருள் இதனை அறிந்தோர் சிலரே!

படுக்கைப்புண்ணும் அழுத்தத்தின் விளைவே. அசைய இயலாதவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது செவிலியர் மரபு. பகலில் அது நடந்துவிடும். இரவில்? முப்பது பேருக்கு ஒரே பணியாளர் எனின், அவர் எத்துணை அன்புடையவராயினும் இயலாது. மிக நலிந்தோர்க்கு எவ்வளவு பேணினும் புண் வரலாம். பலருக்கும் வருமாயின் குறை நோயாளரிடம் இல்லை.

பெற்றோர், மூத்த குடிமக்கள் நலன் குறித்த 2007ஆம் ஆண்டுச் சட்டம், இல்லங்களுக்குரிய தரத்தை வகுக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கு அளிக்கிறது. ஆய்வுக்கு வருவோர் நண்பகலில் பதிவேடுகளைப் புரட்டுவதோடு நில்லாது, விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து, முதியவரின் இசைவோடு போர்வையை விலக்கிப் பார்த்தல் வேண்டும்.