பாடம் இலவசம், வீடியோ கையில்: கொங்கு மண்டலம் உலகத்தைப் படிக்கிறதா?

2025 ஆகஸ்ட் 27. இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது அமெரிக்கா போட்ட கூடுதல் வரி 50 சதவீதத்தைத் தொட்ட நாள். திருப்பூருக்கு அதைவிடப் பெரிய செய்தி வேறென்ன இருக்க முடியும்? ஆனால் “ஒரு நாடு நினைத்தபடி இப்படி வரி போடலாமா? உலக வர்த்தக அமைப்பு எதுக்கு இருக்கு? வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் மட்டும் அப்போது ஏன் குறைவாக இருந்தது?” என்று கேட்டுப் பாருங்கள். நம்மில் பெரும்பாலானோரிடம் இருக்கும் பதில் வாட்ஸ்அப் ஃபார்வர்டில் வந்ததாகத்தான் இருக்கும்.

இத்தனைக்கும் பன்னாட்டு வர்த்தகம், பருவநிலை மாற்றம், மக்கள்தொகை, தண்ணீர் என்று உலகப் பிரச்சினைகள் ஒவ்வொன்றையும் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் மணிக்கணக்கில் விளக்கும் வகுப்புகள் நம் ஃபோனிலேயே கிடைக்கின்றன. காசு கேட்பதில்லை. நுழைவுத் தேர்வும் இல்லை. அப்புறம் ஏன் அந்தப் பக்கம் போவதில்லை?

எங்கே, என்ன கிடைக்கிறது?

அமெரிக்காவின் எம்ஐடி தன் பாடங்களை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிடப் போவதாக அறிவித்தது 2001-ல். இன்று அதன் ‘ஓப்பன்கோர்ஸ்வேர்’ தளத்தில் 2,500-க்கும் மேற்பட்ட பாடங்கள் இருக்கின்றன. 2007-ல் யேல் பல்கலைக்கழகம் தன் வகுப்பறை விரிவுரைகளை அப்படியே வீடியோவாக வெளியிட ஆரம்பித்தது. உலக மக்கள்தொகைப் பெருக்கம் பற்றி ஒரு முழு செமஸ்டர் வகுப்பு, சுற்றுச்சூழல் அரசியலும் சட்டமும் பற்றி இன்னொன்று என அதில் பார்க்கலாம். பருவநிலை மாற்றத்துக்கென்றே ஐ.நா. நடத்தும் ‘யுஎன் சிசி:லேர்ன்’ தளம் இருக்கிறது. ஐ.நா. ஆதரவோடு இயங்கும் ‘எஸ்டிஜி அகாடமி’ நீடித்த வளர்ச்சி பற்றிய பாடங்களைத் தருகிறது.

இந்தியாவும் பின்தங்கவில்லை. ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கியது என்பிடெல். 2017 ஜூலை 9-ல் மத்திய அரசின் ‘ஸ்வயம்’ வந்தது. இரண்டிலும் பாடம் இலவசம். சான்றிதழுக்காகத் தேர்வு எழுதினால்தான் கட்டணம்.

நமக்கென்று ஒரு முன்னோடியும் உண்டு. எம்ஐடி அறிவிப்பு வந்த அதே 2001-ல், பிப்ரவரி மாதமே, தமிழ்நாடு அரசின் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கிவிட்டது. இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம் அதுதான். தமிழ் மொழி, இலக்கியம், பண்பாடு ஆகியவற்றை இணையம் வழியே கற்பிப்பதில் நாம் முந்திக்கொண்டோம். உலக விவகாரங்களைத் தமிழில் கற்பிக்கும் அடுத்த படிக்குத்தான் இன்னும் ஏறவில்லை.

கோவைக்கு இது புதுசா?

புதுசே இல்லை. கோவை, ஈரோடு, நாமக்கல் பொறியியல் மாணவர்களிடம் என்பிடெல் என்றால் விளக்கமே வேண்டாம். 12 வாரப் பாடம், வாராவாரம் அசைன்மென்ட்டுக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. எல்லோருக்கும் மனப்பாடம். ஒரு செமஸ்டர் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படிக்க மாணவர்களை அனுமதிக்கலாம் என்று யுஜிசி 2021-ல் விதி கொண்டுவந்தது. அதனால் ஆன்லைன் பாடம் என்றாலே கிரெடிட், ரெஸ்யூமில் ஒரு வரி என்றாகிவிட்டது.

அதில் தப்பில்லை. வேலை முக்கியம்தானுங்க. ஆனால் பைத்தானும் டேட்டா சயின்ஸும் நமக்கு வேலை வாங்கித் தரலாம். அந்த வேலை நாளைக்கும் இருக்குமா என்பதை முடிவு செய்வது பிரஸ்ஸல்ஸிலும் வாஷிங்டனிலும் எடுக்கப்படும் முடிவுகள். அந்தப் பாடத்தை யாரும் எடுப்பதில்லை, ஏனென்றால் அதற்கு கிரெடிட் இல்லை.

சரி, இது நம் பிழைப்பை எப்படித் தொடும்?

ஓர் உதாரணம். ஐரோப்பிய ஒன்றியத்தின் கார்பன் எல்லை வரி, அதாவது சிபிஏஎம். ஒரு பொருளைத் தயாரிக்கும்போது வெளியான கரியமில வாயுவுக்கு ஏற்ப, அதை இறக்குமதி செய்பவர் பணம் கட்ட வேண்டும். 2023 அக்டோபரில் கணக்குக் காட்டுவதோடு தொடங்கியது. 2026 ஜனவரி 1 முதல் பணம் கட்டும் பொறுப்பும் வந்துவிட்டது. இரும்பு-எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவை பட்டியலில் உள்ளவை.

கோவையில் ஃபவுண்டரிகள் எத்தனை! நம் பொருள்கள் எல்லாமே இந்தப் பட்டியலில் வந்துவிடாது. குழாய் இணைப்புகளும் போல்ட்-நட்டும் வருகின்றன, பம்ப்செட் வரவில்லை. ஆனால் பட்டியலை நீட்டும் யோசனையை ஐரோப்பிய ஆணையம் 2025 டிசம்பரிலேயே முன்வைத்துவிட்டது. “ஒரு டன்னுக்கு எவ்வளவு உமிழ்வு?” என்று வெளிநாட்டு வாடிக்கையாளர் மெயில் அனுப்பினால், பதில் எழுத வேண்டியது சிட்கோ எஸ்டேட்டில் உட்கார்ந்திருக்கும் இளம் குவாலிட்டி இன்ஜினியர். கன்சல்டன்ட்டுக்குப் பணம் கட்டலாம். ஆனால் அவர் சொல்வது சரியா என்று பார்க்கவாவது அடிப்படை தெரிய வேண்டாமா? வரி விகிதம் அடிக்கடி மாறும். அது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்கிற அடிப்படை அவ்வளவு சீக்கிரம் மாறாது. பல்கலைக்கழகப் பாடம் தருவது அந்த அடிப்படையைத்தான்.

பின்னே தடை எது?

இலவசம் என்பதாலேயே யாரும் படித்துவிடுவதில்லை. எம்ஐடி, ஹார்வர்டு நடத்திய இணையப் பாடங்களின் ஆறு ஆண்டுக் கணக்கை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2019-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. பதிவு செய்தவர்களில் 52 சதவீதம் பேர் பாடத்துக்குள்ளேயே போகவில்லை. 2017-18-ல் முடித்தவர்கள் சுமார் 3 சதவீதம். பணம் கட்டிச் சான்றிதழ் வழியில் சேர்ந்தவர்கள் மட்டும் பார்த்தால் முடித்தவர்கள் பாதியை நெருங்குகிறார்கள். ஒரு கெடு, ஒரு கட்டாயம் இருந்தால்தான் மனசு நிற்கிறது.

இரண்டாவது தடை மொழி. உலகப் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். தானியங்கித் தமிழ் சப்டைட்டில் அன்றாடப் பேச்சுக்குச் சரி. ‘டாரிஃப்’ என்ற சொல் இறக்குமதி வரி ஆகாமல் ‘கட்டணம்’ ஆகிவிட்டால் பாடமே தடம் மாறிவிடும். என்பிடெல்லின் சில பாடங்களுக்குத் தமிழ் எழுத்து வடிவம் வந்திருப்பது நல்ல தொடக்கம். அதுவும் பெரும்பாலும் பொறியியலுக்குத்தான்.

முடியாத காரியமா? கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் அக்ரிடெக் தளத்தைப் பாருங்கள். மஞ்சளுக்கும் வாழைக்கும் வரும் நோயை விவசாயி தமிழிலேயே படித்துத் தெரிந்துகொள்ள முடிகிறது. பயிருக்குச் செய்ததைப் பனியனுக்கும் பம்புக்கும் ஏன் செய்யக் கூடாது?

என்ன செய்யலாம்?

தனியாள் என்றால், பத்துப் பாடத்தில் பதிவு செய்யாதீர்கள். உங்கள் வேலையைத் தொடும் ஒரே கேள்வியை எடுங்கள். 12 வாரப் பாடம் வேண்டாம்; நாலு வாரத்தில் முடிவது போதும். அலுவலகத்தில் மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம், அந்த வாரம் கேட்டதைத் தமிழில் ஒருவர் சொல்ல, மற்றவர்கள் கேள்வி கேட்கட்டும். தமிழில் சொல்ல வராத இடம்தான் புரியாத இடம். பேராசிரியர் எந்த நாட்டில் நின்று பேசுகிறார் என்பதையும் கவனியுங்கள். கார்பன் வரி ஐரோப்பாவிலிருந்து பார்த்தால் பருவநிலைப் பாதுகாப்பு. இங்கிருந்து பார்த்தால் ஏற்றுமதிக்கு ஒரு முட்டுக்கட்டை. இரண்டு பக்கத்தையும் கேட்டபின் முடிவுக்கு வாருங்கள்.

ஆனால் தனி ஆள்களின் ஆர்வத்தை மட்டும் நம்பி இதை விட்டுவிட முடியாது. வகுப்பறையும் பேராசிரியர்களும் கல்லூரிகளிடம் இருக்கிறார்கள். பிரச்சினை என்னவென்று தொழில் அமைப்புகளுக்குத் தெரியும். இருவரும் சேர்ந்து மாதம் ஒரு உலகப் பாடத்தைத் தமிழில் விளக்கி, வீடியோவாகப் போட்டால் அதற்கு ஆகும் செலவு சொற்பம். பாரதியார் பல்கலைக்கழகம் போன்றவை அதற்கு ஒரு கிரெடிட்டும் கொடுக்கட்டும். கெடு இருந்தால் படிப்பார்கள் என்று கணக்கே சொல்கிறதே.

அடுத்த வரி அறிவிப்பு எந்த நாட்டிலிருந்து, எந்தத் தேதியில் வரும் என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கும் நாம் ஃபார்வர்டைத்தான் நம்பியிருக்கப் போகிறோமா என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.