ஓட்டை பொருந்தினா போதுமா? பழைய மஸ்டாங்கும் புது வீலும்

1965 ஃபோர்டு மஸ்டாங் வி8 காரின் ஒவ்வொரு வீலுக்கும் 5 போல்ட். அந்த போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 114.3 மி.மீ. 2005-க்குப் பிறகு வந்த மஸ்டாங்கிலும் இதே அளவுதான். அதனால் அமெரிக்காவில் பழைய கார் பிரியர்கள் பலர், புது மாடலின் அலாய் வீலை வாங்கி பழசுல மாட்டிப் பார்க்கிறார்கள்.

ஓட்டை சரியாப் பொருந்தும். ஆனா வீல் பொருந்துமா?

சிக்கல் 'ஆஃப்செட்'டில் இருக்கிறது. வீலின் நடுக்கோட்டுக்கும், அது ஹப்பில் பதியும் இடத்துக்கும் உள்ள தூரம்தான் ஆஃப்செட். பழைய வீலில் இது மிகக் குறைவு. புதுசில் பெரும்பாலும் 30 மி.மீட்டருக்கு மேல். அதாவது, வீல் உள்பக்கமாகத் தள்ளி உட்காரும். ஸ்டியரிங்கை முழுசா ஒடிக்கும்போது டயர் சஸ்பென்ஷனில் உரசலாம்.

6 சிலிண்டர் மஸ்டாங் என்றால் இன்னொரு சிக்கல். அதில் 4 போல்ட்தான். நாலை ஐந்தாக்கும் அடாப்டர் மாட்டினால் லுக் மாறிடும். ஆனா பின்னால் இருப்பது அதே சின்ன டிரம் பிரேக். காரை நிறுத்துவது அதுதானே?

வி8 மாடலின் முன் ஸ்பிண்டில், பிரேக், பின் ஆக்ஸில் ஆகியவற்றை மாற்றுவதுதான் சரியான வழி. அப்போது 5 போல்ட் தானாகவே வந்துவிடும். செலவு கூடத்தான். ஆனால் வீலுக்கு முன்னால் பிரேக்குக்குச் செலவழிப்பதே நியாயம்.

காசு கொடுக்கும் முன் டேப்பை எடுத்து அளந்துடுங்க. உரசுற டயர் ரோட்டுல மன்னிக்காது.