கயிறு நழுவிய சாரம்



சேலையூர், மேடவாக்கம் பக்கம் புதிய கட்டடங்கள் எழும்பும் இடங்களில், சவுக்குக் கம்புகளைக் கயிற்றால் கட்டிய சாரத்தைப் பார்த்திருப்பீர்கள். கம்பு எவ்வளவு வலுவாக இருந்தாலும் சாரத்தை நிறுத்துவது கயிறுதான். நமது நரம்புச் செல்லுக்குள்ளும் அத்தகைய சாரம் ஒன்று உண்டு. அதன் கம்புகள் நுண்குழல்கள். அவற்றைப் பற்றி நிலைப்படுத்தும் கயிறு, டௌ என்னும் புரதம். 1975-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இதைக் கண்டறிந்தார்கள்.

புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடியலாம், எவற்றில் மடிய இயலாது என்பதை 1963-இல் படமாக வரைந்து உலகுக்குக் காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோர். அந்தப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் சுமார் அரை மணி நேரப் பயணம்தான். (ராமச்சந்திரனையே முதுமையில் பார்க்கின்சன் நோய் வருத்தியது. அதுவும் வேறொரு புரதம் திரள்வதோடு தொடர்புடைய நோய்தான்.)

பல புரதங்கள் தத்தமக்குரிய வடிவில் மடிந்திருக்கும். டௌ அப்படியல்ல; தளர்ந்த கயிறு போலவே கிடக்கும். அதன்மேல் பாஸ்பேட் தொகுதிகள் அளவுக்கு மீறி ஒட்டினால் நுண்குழலை விட்டு நழுவுகிறது. நழுவியவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் படிந்து இழைகளாகின்றன. நினைவிழந்து இறந்த ஒரு பெண்மணியின் மூளையில் 1906-இல் ஜெர்மானிய மருத்துவர் அல்சைமர் கண்ட சிக்குகள் இவையே.

ஆனால் எல்லாச் சிக்கும் ஒன்றல்ல. மனித மூளையில் ஒரே ஜீனிலிருந்து ஆறு வகை டௌ உருவாகின்றன. மிகச் சிறியதில் 352 அமினோ அமிலங்கள், மிகப் பெரியதில் 441. நுண்குழலைப் பற்றும் பகுதி மூன்று வகைகளில் மூன்று முறையும், மற்ற மூன்றில் நான்கு முறையும் வருகிறது. பிக் என்னும் நோயில் முதல் இனம் திரள்கிறது. கண் அசைவும் உடல் சமநிலையும் குன்றும் பி.எஸ்.பி. நோயில் இரண்டாம் இனம். அல்சைமர் நோயில் இரண்டும். 2017-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உறைகுளிர் மின்னணு நுண்ணோக்கியால் பார்த்தபோது அல்சைமர் இழையின் மடிப்பு ஆங்கில 'சி' எழுத்துப் போலிருந்தது. அடுத்த ஆண்டு பார்த்த பிக் நோய் இழையோ 'ஜே' போல! நோய்க்கு நோய் மடிப்பு வேறு என்றால், மருந்தும் அதற்கேற்ப அமைய வேண்டியிருக்கும் அல்லவா?

இதை எலியில் பார்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். வளர்ந்த எலியின் மூளையில் இயல்பாக இருப்பது நான்கு முறை வரும் இனம் மட்டுமே. சரி, சோதனைக் குழாயில்? ஹெப்பாரின் சேர்த்து டௌவைத் திரளச் செய்தும் பார்த்துவிட்டார்கள்; கிடைத்த மடிப்புகள் நோயாளியின் மூளையில் இருந்தவை அல்ல. உயிரோடிருப்பவரின் மூளையில் டௌ சேர்ந்திருப்பதை ஸ்கேன் காட்டும், அதன் மடிப்பைக் காட்டாது. கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகளுக்கு 'சி' வடிவம் கிடைத்தது, 74 வயதில் இறந்த ஒரு நோயாளியின் மூளை ஆராய்ச்சிக்குக் கிடைத்ததால்தான்.

ஆகவேதான் சொல்கிறேன்: கண் தானத்தைப் பற்றிப் பேசுவது போல மூளை தானத்தைப் பற்றியும் நாம் பேசத் தொடங்க வேண்டும். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் 1995 முதல் மூளைத் திசு வங்கி இயங்குகிறது. நம் அடையாற்றுப் பக்கம் சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம், கருவிலுள்ள குழந்தையின் மூளையை 5,132 சீவல்களாகப் படம்பிடித்து 2024-இல் உலகுக்கு வழங்கியது. கருவிக்கும் திறமைக்கும் இங்கே குறைவில்லை. முதியோரின் மூளை கிடைப்பதுதான் அரிது. நோயுற்றவருடையது மட்டுமல்ல, ஒப்பிட்டுப் பார்க்க நலமாக வாழ்ந்தவருடையதும் தேவை.

வீட்டில் தயக்கம் இருக்கும். அதை நான் குறைவாக எண்ணவில்லை. அழுகைக்கு நடுவே யார் இந்தப் பேச்சை எடுப்பது? ஆனால் தலையின் முடிக்குள் மறையும்படி கீறி எடுத்துத் தைத்துவிடுவதால் முகம் கெடுவதில்லை. சடங்குகளும் வழக்கம்போல் நடக்கலாம். இறந்த சில மணி நேரத்திற்குள் எடுத்தாக வேண்டும் என்பதால், இந்தப் பேச்சை முன்கூட்டியே எடுப்பதுதான் நல்லது. உங்கள் தாத்தா பாட்டி நல்ல மனநிலையில் இருக்கும் ஒரு மாலையில், டௌவின் கதையை மட்டும் முதலில் அவர்களிடம் சொல்லிப் பாருங்கள். மீதியை அவர்களே கேட்கக்கூடும்.