முதுமை மறதி என்னும் சொல்

அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருக்க, கையில் பிடித்த கரண்டி எதற்கு உபயோகமாகும் பொருள் என்று புரியாமல் எங்கள் பெரியம்மா திகைத்து நின்றதை நான் ஒரு நாள் காலையில் பார்த்தேன். எழுபத்திரண்டு வயதாகிவிட்டது, இனி இப்படித்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டே வீட்டார் எல்லோரும், நான் உள்பட, எட்டு மாதங்களைக் கடத்திவிட்டோம்.

டிமென்ஷியா என்னும் வியாதிக்கு நம் பத்திரிகைகளும் வைத்தியர்களும் வழங்கும் 'முதுமை மறதி' என்ற பெயரே அந்தச் சமாதானத்துக்கு இடம் கொடுத்தது என்பது என் அபிப்பிராயம். மறதி மட்டுமா அதன் லட்சணம்? பேச்சும், திசையறிவும், தீர்மானிக்கும் சக்தியும், சுபாவமுமே அதில் குலைகின்றன. முதுமையோ அதற்கு ஏதுவாகலாமே தவிர, அதுவே வியாதி ஆகாது. 1901இல் பிராங்க்ஃபர்ட் மனநோய் மருத்துவமனையில் அலாய்ஸ் அல்சைமர் பரிசோதித்த அகஸ்டே டெட்டெர் என்ற பெண்மணிக்கு வயது 51தான். அந்த அம்மையார் காலமான பின் மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அதில் கண்ட படிவுகளையும் நார்ச்சிக்கல்களையும் அவர் 1906இல் டூபிங்கன் நகரில் விவரித்தார். ஆனால் 1910இல் அவ்வியாதிக்கு அல்சைமரின் பெயரைச் சூட்டிய எமில் கிரெப்பலின், அதை முதுமைக்கு முன்பே வருகிற தனி வியாதியாக வகுத்துவிட்டபடியால், கிழவர்களுக்கு வருவது வெறும் மூப்பின் விளைவே என்று வெகுகாலம் ஒதுக்கிவைக்கப்பட்டது.

ஜப்பானியர் இவ்விஷயத்தில் விவேகத்துடன் நடந்தார்கள். மூடத்தனம் என்று தொனித்த 'சிஹோ' என்ற பழைய சொல்லை 2004இல் அவர்களுடைய சுகாதார அமைச்சகம் நீக்கி, அறிதிறன் சம்பந்தமான நோய் என்று பொருள்படும் 'நின்சிஷோ' என்பதை வழக்கில் கொண்டுவந்தது. நாமும் 'அறிதிறன் நோய்' என்றே சொல்லலாம். அது பழகும்வரை டிமென்ஷியா என்றே எழுதுவதிலும் தோஷமில்லை.

தைராய்டு சுரப்புக் குறைவும், பி12 சத்துக் குறைவும், மன அழுத்தமும், மண்டைக்குள் ரத்தம் கட்டுவதும்கூட இதே வேஷத்தில் வந்து நிற்கும். இவற்றுக்கோ சிகிச்சை உண்டு. பெரியம்மாவுக்கு இருந்தது பி12 குறைவு என்பது ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. ஊசி போட ஆரம்பித்து நாலு மாதமாகிறது. பழையபடி ஆகிவிட்டார் என்று சொல்லமாட்டேன். ஆனால் சென்ற வாரம் பால் கணக்கில் இரண்டு நாள் கூடியிருப்பதை, காலண்டரில் தாமே இட்டிருந்த புள்ளிகளை எண்ணி எனக்குக் காட்டினார்.