கரடுமுரடு என்கிற பாவனை

பாலைவனத்தில் ஜீப் ஓட்டிவிட்டு வந்து எழுதுகிறவர்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். ஆங்கிலத்தில் இது ஒரு தனி இலக்கிய வகை என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்குப் பெருத்துவிட்டது. அமெரிக்காவுக்கு வேலைக்குப் போன நம்மவர்களும் தம் பங்குக்குத் தமிழில் எழுதுகிறார்கள். ஆள் மாறலாம், வண்டி மாறலாம், வாய்ப்பாடு மாறுவதில்லை. தார்ச்சாலை முடிகிறது. தொலைபேசி செத்துவிடுகிறது. டயரில் காற்றைக் குறைத்துக்கொள்கிறார்கள். வண்டி குலுங்குகிறது, எலும்பு குலுங்குகிறது. அதற்குப் பிறகு மனிதக் காலடி படாத வெளி. அதற்குப் பிறகு ஆதி மௌனம். அதற்குப் பிறகு, வேறென்ன, தன்னைத் தானே கண்டுகொள்ளுதல். மாலைக்குள் விடுதிக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

அவர்கள் வண்டி ஓட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஓட்டட்டும். காலடி படாத வெளி என்று எழுதுவதில்தான் ஆட்சேபம். வண்டி போக ஒரு பாதை இருந்தது என்றாலே அங்கே யாரோ முன்பே போயிருக்கிறான், கடப்பாரையும் வெடிமருந்தும் கொண்டு போயிருக்கிறான் என்பது குழந்தைக்கும் தெரிய வேண்டிய விஷயம். எழுதுகிறவருக்கு மட்டும் தெரியாமல் போகிறது. அப்படித் தெரியாமல் போவது தற்செயல் அல்ல என்பது என் கட்சி. கரடுமுரடு, ஆதிநிலை, வெறுமை என்ற மூன்று சொற்களை இவர்கள் இயற்கையின் தலையில் ஏற்றுகிறார்கள். இவர்கள் காட்டுகிற இடங்களில் மூன்றும் மனிதன் செய்தவை. தன் இனம் செய்து வைத்த காரியத்தையே இயற்கை என்று வியந்து கும்பிடுகிற மனம் பார்க்கும் சக்தியை இழந்துவிட்ட மனம். அதிலிருந்து நல்ல வாக்கியம் பிறக்க வழியில்லை.

பொதுவாகப் பேசினால் நழுவிக்கொள்வார்கள். ஓர் இடத்தை எடுத்துக்கொள்கிறேன். கலிஃபோர்னியாவில் கிடந்து நெவாடாவுக்குள்ளும் கொஞ்சம் நீளும் டெத் வேலி தேசியப் பூங்கா. பரப்பு 34 லட்சம் ஏக்கர். அலாஸ்காவை விட்டுவிட்டால் அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் இதுதான் பெரியது. அங்கே ஃபர்னஸ் கிரீக்கில் 1913 ஜூலை 10 அன்று பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் உலகின் அதிகபட்சக் காற்று வெப்பம் என்று இன்னமும் ஏட்டில் இருக்கிறது. பள்ளத்தாக்கின் தரையில் வருஷம் முழுவதும் பெய்வது ஏறத்தாழ இரண்டு அங்குல மழை. 1933இல் பாதுகாக்கப்பட்ட தேசியச் சின்னமாக அறிவித்தார்கள். 1994இல் தேசியப் பூங்கா ஆயிற்று.

முதலில் கரடுமுரடு. ரேஸ்டிராக் என்ற வறண்ட ஏரிக்குப் போகும் மண்பாதை இந்த வகை எழுத்துக்கு வற்றாத ஊற்று. உபஹீபி எரிமலை வாயின் அருகிலிருந்து 27 மைல். நானும் போயிருக்கிறேன். பாதை நெடுகக் குறுக்குவாட்டில் வரிவரியாக மேடும் பள்ளமும். கூரை போடும் நெளித்தகட்டைப் படுக்கப் போட்டு அதன்மேல் ஓட்டுவது போல இருக்கும். இது பாலைவனத்தின் முரட்டுத்தனம் என்று எழுதுகிறார்கள். பாலைவனம் பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒட்டாத உலர்ந்த மண்ணில் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் சக்கரம் உருண்டால் சின்ன மேட்டில் ஏறித் துள்ளும். துள்ளி விழுந்த இடம் பள்ளமாகும். பின்னால் வரும் சக்கரம் அதே பள்ளத்தை இன்னும் கொஞ்சம் ஆழமாக்கும். மணல் பரப்பிய வட்ட மேடையில் சிறு சக்கரத்தை ஓடவிட்டு இயற்பியலாளர்கள் இதை ஆராய்ந்து 2007இல் எழுதியிருக்கிறார்கள். அந்த வேகத்துக்குக் கீழே போனால் வரி விழுவதில்லை. அதாவது, இவருக்கு முன்னால் அவசரப்பட்டவர்களின் அவசரம்தான் பாதையில் எழுதிக் கிடக்கிறது. அதன்மேல் இன்னும் அவசரமாக ஓட்டி, தன் பங்கையும் பதித்துவிட்டு வந்து, இயற்கையோடு மல்லுக்கட்டியதாக எழுதுகிறார்.

இனி ஆதிநிலை. இந்தப் பூங்காவின் மண்பாதைகளில் பெரும்பாலானவை சுரங்கக்காரர்கள் போட்டவை. 1880களில் போராக்ஸ் வெட்டி எடுத்து, கோவேறு கழுதைகள் பூட்டிய பெருவண்டிகளில் 165 மைல் தள்ளியிருந்த மொஹாவி ரயிலடிக்குக் கொண்டுபோனார்கள். ரேஸ்டிராக்கிலிருந்து சலைன் பள்ளத்தாக்குக்குச் செங்குத்தாக இறங்குகிற, ஜீப்காரர்கள் பேர் சொன்னாலே சிலிர்த்துக்கொள்கிற லிப்பின்காட் பாதை, அதே பெயருள்ள ஈயச் சுரங்கத்தை ஒட்டிப் போகிறது. டைட்டஸ் கேன்யன் பாதையின் கதை இன்னும் விசேஷம். 1926இல் லெட்ஃபீல்ட் என்ற ஈயச் சுரங்க ஊருக்காக மலையைக் குடைந்து போட்ட பாதை அது. சி. சி. ஜூலியன் என்ற லாஸ் ஏஞ்சல்ஸ் எண்ணெய்ப் பங்கு வியாபாரி அதன் பங்குகளையும் கூவி விற்றார். ஆகஸ்டில் தபால் நிலையம் திறந்தார்கள். 1927 ஜனவரியில் மூடிவிட்டார்கள். ஆறு மாதம்கூட முழுசாகத் தாங்காத ஒரு பங்குச் சந்தைப் பம்மாத்துக்குப் போட்ட பாதையில் போய்க்கொண்டு, பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் நிற்பதாக எழுதுகிறவரை என்ன செய்வது? கேன்யனின் பெயரே, தண்ணீர் தேடி அதற்குள் போய்த் திரும்பாத ஒரு இளம் சுரங்கப் பொறியாளரின் பெயர். ஆசை, மோசடி, தாகம், சாவு எல்லாம் அந்தப் பாதையிலேயே கிடக்கின்றன. ஒரு நாவலுக்கான சரக்கு. நம் எழுத்தாளருக்கு அகப்படுவது மௌனம்.

மூன்றாவது வெறுமை. இதுதான் மிகவும் ஆபத்தான சொல். அந்தப் பள்ளத்தாக்கில் குளிர்காலத்தில் தங்கி, வேனிலில் பேனமின்ட் மலைகளுக்கு ஏறி, கீழே மெஸ்கீட் காயும் மேலே பின்யன் கொட்டையும் சேகரித்து வாழ்ந்தவர்கள் டிம்பிஷா ஷோஷோனி மக்கள். அவர்கள் வைத்த பெயர் அங்கே கிடைக்கிற செங்காவிக் கல்லைக் குறிப்பது. சாவுப் பள்ளத்தாக்கு என்பது 1849-50இல் தங்கம் தேடிப் போகிற வழியில் அகப்பட்டுத் தவித்தவர்கள் வைத்துவிட்டுப் போன பெயர். ஜனங்கள் பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்ற இடத்துக்கு, வழி தவறி வந்தவன் சாவு என்று பேர் வைத்தான்; அதுவே நிலைத்தது. 1933 அறிவிப்பில் இந்த மக்களுக்கென்று ஒரு சாண் நிலம் ஒதுக்கவில்லை. 1936இல் ஃபர்னஸ் கிரீக் அருகே 40 ஏக்கரில் மண்வீடு கட்டிக் குடிவைத்தார்கள். பிற்பாடு, ஆள் இல்லாமல் கிடந்த வீடுகளின்மேல் பூங்கா நிர்வாகமே குழாயால் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்தது. நாட்டிலேயே மழை மிகக் குறைந்த பள்ளத்தாக்கில், வீட்டைக் கரைக்கத் தண்ணீர் இருந்தது. ஜனங்கள் அப்போதும் போகவில்லை. 1983இல் அரசு அவர்களை ஒரு பழங்குடியாக அங்கீகரித்தது. 2000இல் வந்த சட்டம் ஏறத்தாழ 7,700 ஏக்கரைத் திருப்பித் தந்தது, அதில் பள்ளத்தாக்குக்குள் சுமார் 300. இந்தச் சரித்திரத்தின்மேல் ஏறி நின்றுகொண்டு, ஆஹா, என்ன வெறுமை என்கிறவர், அறியாமலேயே அந்தத் தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்திருக்கிறார்.

தமிழில் எழுதுகிறவர்கள் இதோடு இன்னொன்றையும் செய்கிறார்கள். கட்டுரையின் நடுவில் பாலைத் திணையைக் கொண்டுவந்து ஒட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பாலைப் பாட்டில் உல்லாசத்துக்காகச் சுரம் கடந்தவன் ஒருவனும் இல்லை. பொருள் தேடிப் போனான். போனவனை நினைத்து வீட்டில் ஒருத்தி இருந்தாள். அந்தத் துயரம் இல்லாமல் வெயிலையும் கள்ளிச்செடியையும் மட்டும் எடுத்துக்கொள்வது அலங்காரம். பொருந்தித்தான் ஆக வேண்டும் என்றால், லெட்ஃபீல்டுக்குக் கூலி வேலை தேடிப் போனவனுக்கு அது கொஞ்சம் பொருந்தும். ஜீப்காரருக்குப் பொருந்தாது.

இதையெல்லாம் சொன்னால் உடனே எட்வர்ட் ஆபியை எடுத்து வீசுவார்கள். யூட்டாவின் ஆர்ச்சஸில் 1956, 57 ஆண்டுகளில் வனக் காவலராக இருந்தவர். 1968இல் வந்த ‘டெஸர்ட் சாலிட்டேர்’ நூலில், தேசியப் பூங்காக்களுக்குள் கார்களே கூடாது என்று வாதிட்டு, வாதம் என்றே தலைப்புக் கொடுத்து ஒரு அத்தியாயம் எழுதியவர். அந்த அத்தியாயத்தின் கோபம் சத்தியமான கோபம். ஆனால் அதே நூலின் பிற்பகுதியில் மேஸ் என்ற பாறைக்காட்டுக்கு அவர் நண்பரோடு நான்கு சக்கர இயக்க வண்டியில்தான் போகிறார். இரட்டை வேஷம் என்று அவரைக் குற்றம் சாட்ட எனக்கு அக்கறையில்லை. வண்டியில் போனதை மறைக்காமல் எழுதினார். என் புகார் வேறு. கார்க்காரன் தேடுகிற அதே ஆளில்லா வெளியைத்தான் ஆபியும் தேடுகிறார். ஒருவர் சக்கரத்தில், ஒருவர் காலில். முழங்கால் தேய்ந்தவர்களுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் பாலைவனம் கிடையாது என்று சொல்லும் நடைப் பெருமை எனக்கு உவப்பாக இல்லை.

இவர்களுக்கெல்லாம் முன்னாலேயே மேரி ஆஸ்டின் எழுதிவிட்டார். 1903இல் வந்த ‘தி லேண்ட் ஆஃப் லிட்டில் ரெயின்’ இதே பிரதேசத்தைப் பற்றியது. ஆனால் அதில் சேயாவி என்ற பையூட் கூடை முடைகிறவள் இருக்கிறாள். தன் ஷோஷோனி நிலத்தை விட்டு அயலாரிடையே வாழ நேர்ந்த வைத்தியர் வின்னெனாப் இருக்கிறார். தண்ணீருக்கு மிருகங்கள் போட்ட தடங்கள் இருக்கின்றன. ஆஸ்டினிடம் உணர்ச்சிப் பூச்சு கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தடத்தைப் பார்த்தால் யாருடைய தடம் என்று கேட்கத் தெரிந்தவர். அந்தக் கேள்வி பிறகு வந்தவர்களிடம் இல்லை.

வார்த்தைகள்தானே, இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். காலடி படாத வெளி என்று ஆயிரம் பேர் எழுதினால், படாத இடத்தில் சக்கரம் பதிக்க ஆயிரத்தோராவது ஆள் கிளம்புவான். பூங்காவுக்குள் பாதையை விட்டு வண்டியை இறக்குவது சட்ட விரோதம். 2016 ஆகஸ்டில் ஒருவன் ரேஸ்டிராக் ஏரித்தரையில் இறக்கினான். ஏறத்தாழ 10 மைல் நீளத்துக்கு டயர் கோடுகள். அந்தத் தரையில்தான் கற்கள் தாமாக நகர்ந்து தடம் விட்டிருக்கின்றன. குளிர்கால இரவில் மெல்லிய நீர்ப்படலம் உறைந்து, பகலில் அந்தப் பனித்தகடு உடைந்து, இளங்காற்றில் மிதந்து, கற்களை நிதானமாகத் தள்ளுகிறது. 2013 டிசம்பரில் விஞ்ஞானிகள் நேரில் பார்த்து அடுத்த ஆண்டு வெளியிட்டார்கள். நீர், குளிர், காற்று மூன்றும் எப்போதாவது கூடிவந்து எழுதுகிற எழுத்தை ஒரு மடையன் ஒரே ஓட்டத்தில் கிறுக்கிவிட்டுப் போனான். பாலைவன மண் சீக்கிரம் மறப்பதில்லை. தெற்கே மொஹாவியில் 1942இல் ஜெனரல் பேட்டன் நடத்திய பயிற்சியின் டாங்கித் தடங்கள் இன்றைக்கும் தெரிகின்றன.

நஷ்டம் மண்ணுக்கு மட்டும் இல்லை. 1996 ஜூலையில் நான்கு ஜெர்மன் பயணிகள், இரண்டு பெரியவர்களும் இரண்டு குழந்தைகளும், வாடகை வேனில் ஒரு மலைக்கணவாய் வழியே போகக் கிளம்பினார்கள். அக்டோபரில் ஆளில்லாத பள்ளம் ஒன்றில் வண்டி அகப்பட்டது, டயர்கள் காற்றிறங்கி. பெரியவர்களின் எலும்புகள் 2009இல்தான் கிடைத்தன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. அந்தப் பிரதேசத்தில் வரைபடக் கோடு என்பது பல இடங்களில் எவனோ வெட்டிக் கைவிட்ட சுரங்கத் தடம். அதைப் பராமரிப்பவர் இல்லை, அதில் தண்ணீர் இல்லை, எதிரே வண்டி வராது. இதைச் சொல்ல வேண்டிய உரைநடை, சாகசம் என்று ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

நான் கேட்பது அதிகமில்லை. போகிறவர் போகட்டும், பாதையிலேயே போகட்டும், மெதுவாகப் போகட்டும். திரும்பி வந்து எழுதினால், அந்தப் பாதையை யார் எதற்குப் போட்டார்கள், முன்பு அங்கே யார் இருந்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று மூன்று வரியாவது எழுதட்டும். அந்த மூன்று வரி இல்லாத பாலைவனக் கட்டுரையைப் பத்திரிகை ஆசிரியர்கள் திருப்பி அனுப்ப வேண்டும். தபால் தலை வைக்காவிட்டாலும் பரவாயில்லை, சொந்தக் காசில் அனுப்பலாம்.