பிள்ளை பிறந்ததும் திரும்பி வரும் புகையிலை

கர்ப்பம் என்று தெரிந்ததும் நமது சகோதரிகள் பலர் புகையிலையை நிறுத்திவிடுகிறார்கள். மிட்வைஃப் மிஸ்ஸி ஏசுவார் என்ற பயம் பாதி, பிள்ளைக்கு ஆகாது என்ற எண்ணம் பாதி. ஆனால் லீவு முடிந்து மலைக்கு ஏறிய சில நாட்களிலேயே வெற்றிலைப் பை மறுபடி இடுப்புக்கு வந்துவிடுகிறது. மன உறுதி இல்லாதவள் என்று வீட்டில் ஏசுகிறார்கள். நாமும் ஏசியிருக்கிறோம்.

அது தவறு. வெளிநாட்டில் சிகரெட் பிடிக்கும் தாய்மாரிடமும் இதே கதைதான். கர்ப்பத்தில் விட்டவர்களில் பலர் ஒரு வருடத்துக்குள் திரும்பவும் தொடங்கிவிடுகிறார்கள். கர்ப்ப காலத்தில் மிக உயர்ந்திருக்கும் புரோஜெஸ்டரோன் என்ற ஹோர்மோன், பிரசவமான சில நாட்களில் சடாரென்று இறங்கிவிடும். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த ஹோர்மோனையே மாத்திரையாகக் கொடுத்து, ஆசை அடங்குகிறதா என்று சோதித்தார்கள். வழக்கமான சிகிச்சையாக அது இன்னும் வரவில்லை. குணத்தைக் குறை சொல்லுமுன் உடம்பைப் பார்க்க வேண்டும் என்பதையாவது நாம் எடுத்துக்கொள்ளலாம்.

மாத்திரை வந்தாலும் நமது மலை மாறிவிடாது. இரவெல்லாம் பிள்ளை அழுது தூங்காமல், காலையில் ரொட்டியும் சாயத்தண்ணியுமாக மழையில் நிற்பவளுக்குப் பசியை அடக்கக் கையில் இருப்பது வெற்றிலைதான். புகையிலையின் நிக்கொட்டினோ தாய்ப்பாலிலும் போகிறது. பாக்கை மட்டும் மெல்வோமே என்பதும் சரியில்லை. பாக்கே புற்றுநோயை உண்டாக்கும். (பல்வலிக்கு நல்லது என்று புகையிலை கொடுக்கும் பாட்டிமார் கவனிக்கவும்.)

பிரசவ லீவு 84 நாள். 2018 திருத்தத்துக்குப் பிறகு மூன்றாவது பிள்ளைக்கும் அதேதான். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்க நாளுக்கு இரண்டு தடவை நேரம் தரவேண்டும்: பிள்ளைக்காம்பரா இருந்தால் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். இது சட்டம். ஆனால் கொழுந்து நிறை குறைந்து அரைப்பேர் விழுந்துவிடும் என்று பயந்து அந்த நேரத்தை எடுக்காதவர்கள்தான் நம்மில் அதிகம். ஓய்வும் இல்லை, சாப்பாடும் இல்லை என்றால் வாய் எதைத் தேடும்?

பால் நேரத்துக்கான நிறையைக் கழித்துக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று தோட்டக் கமிட்டித் தலைவர்மார் அடுத்த பேச்சுவார்த்தையில் துரையிடம் வைக்க வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு லயத்துக்கு வரும் மிட்வைஃப், பிள்ளையின் நிறையைக் கேட்பதுபோல் தாயின் வெற்றிலையையும் ஏசாமல் விசாரிக்கட்டும். மாமியார்மாரும் புருஷன்மாரும் அந்தப் பையை அவள் கண்ணில் படாமல் வையுங்கள். உங்களுடையதையும் சேர்த்துத்தான்.