கரையில் நின்று அளக்கும் உணரி

2014 ஆகஸ்டு மாதத்தில், அமெரிக்காவின் டொலீடோ நகரப் பகுதியில் 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடம் குழாய்நீரைப் பருக வேண்டா என அறிவிக்கப்பட்டது. நகருக்கு நீர் தரும் ஈரி ஏரியில் நீலப்பசும்பாசி பெருகி, அதன் நச்சு குடிநீரில் கலந்திருந்தது. கொதிக்க வைத்தாலும் நீங்காத நச்சு அது. வயல்களிலிருந்து மழைநீரோடு மாமீ ஆற்றின் வழியே வந்த பாஸ்பேட்டே பாசிக்குப் பெரிதும் உணவாயிற்று. பயிரை வளர்க்கும் உரம் ஏரியைக் கெடுத்தது.

எந்த ஓடை, எந்த மழையில், எவ்வளவு பாஸ்பேட்டைக் கொண்டுவருகிறது என்று அறிந்தால்தான் உரமிடும் முறையைத் திருத்த இயலும். மர்பி, ரைலி ஆகியோர் 1962இல் செம்மைப்படுத்திய மாலிப்டினம் நீல முறை இன்றும் நம்பத்தக்கது. ஆனால், அதற்கு அமிலமும் வினைப்பொருள்களும் நிறமளக்கும் கருவியும் பயிற்சி பெற்றோரும் வேண்டும். நீர் மாதிரி ஆய்வகம் சென்று முடிவு திரும்புவதற்குள் வெள்ளம் ஏரியை அடைந்துவிடும்.

அதே 1962இல், நொதியை மின்முனையோடு இணைத்துக் குளுக்கோஸை அளக்கும் வழியைக் கிளார்க், லயன்ஸ் ஆகியோர் முன்வைத்தனர். அவ்வழியில் உருவானவையே பாஸ்பேட் உணரிகள். அவற்றுள் ஒருவகையில், பைருவேட் ஆக்சிடேஸ் என்னும் நொதி, ஆக்சிஜனின் துணையோடு பைருவேட்டையும் பாஸ்பேட்டையும் வினைபுரியச் செய்கிறது. அப்போது தோன்றும் ஹைட்ரஜன் பெராக்சைடு மின்முனையில் ஆக்சிஜனேற்றம் அடைய, மின்னோட்டம் எழுகிறது. குறிப்பிட்ட எல்லைவரை, பாஸ்பேட் மிகுந்தால் மின்னோட்டமும் மிகும்.

நொதி ஒரு புரதம், வெப்பத்தில் சிதையும், நாள்பட வலுவிழக்கும், ஆதலின் களத்துக்கு உதவாது என்பர் சிலர். இதில் உண்மை உண்டு. ஆயினும், குளுக்கோஸ் உணரியில் உள்ள நொதியும் புரதமே. அதை உலர்பட்டையில் நிலைநிறுத்தக் கற்றதனால்தான் இரத்தச் சர்க்கரையை இன்று வீட்டிலேயே அளக்க முடிகிறது. ஆகவே, மேலும் மேலும் நுண்ணிய அளவைக் கண்டறியப் போட்டியிடுவதைவிட, நொதியின் ஆயுளை நீட்டிப்பதையே ஆய்வாளர் முதற்பணியாகக் கொள்ளுதல் வேண்டும்.

இதற்காக ஆய்வக முறையைக் கைவிட வேண்டியதில்லை. கரையில் உள்ள உணரி எச்சரிக்கட்டும். ஆய்வகம் அதனை உறுதி செய்யட்டும். நீர் நஞ்சான பின் கிடைக்கும் துல்லியமான அளவைவிட, மழை பெய்த அன்றே கிடைக்கும் ஏறத்தாழச் சரியான அளவே ஊருக்குப் பயன் தரும்.